தாளக்காரனின் மூச்சு

முனகல் இடம் மாறியிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதே சில விநாடிகளைத்தான் கத்திரி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். இசையை வெட்டி ஒட்டிப் பிழைப்பவன் என்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர் அது. இன்று அவன் வெட்டியது ஒரு பழைய ஃபங்க் இசைத்தட்டு. எந்தக் குழு, என்ன பாட்டு என்று சொல்ல நடுவில் ஒட்டியிருந்த காகிதம்கூட மிச்சமில்லை. பாட்டின் நடுவே ஓரிடத்தில் மற்ற வாத்தியக்காரர்கள் எல்லாரும் சட்டென்று கையை எடுத்துவிடுவார்கள். டிரம்ஸ்காரன் மட்டும் தன்னந்தனியாக, தலைதெறிக்கும் வேகத்தில், நான்கு பார் வாசிப்பான். ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று நான்கு முறை எண்ணினால் தீர்ந்துபோகும் நேரம். அந்தத் துண்டை வெட்டி, ஒலித்துண்டுகளை வாசிக்கும் சாம்ப்ளர் என்ற பெட்டியில் ஏற்றி, அதன் வாலைத் தலையோடு ஒட்டிவிட்டால், அது முடிவில்லாமல் சுற்றும். இன்றைய பாட்டுக்காரர்கள் அதன் மேல் ஏறிப் பாடுவார்கள்.

இரண்டாவது பாரின் கடைசியில், ஓர் அடிக்குப் பின்னால், அந்த மனிதன் "ம்ஹ்" என்று மெல்ல முனகுவான். பாரம் தூக்குகிறவன் அடிவயிற்றிலிருந்து விடுகிற சத்தம். மைக்கில் தப்பித்தவறி விழுந்தது. காலையிலிருந்து அது அங்கேதான் வந்துகொண்டிருந்தது.

இப்போது மூன்றாவது பாரின் நடுவில் வந்தது.

கத்திரி அசையாமல் இன்னொரு சுற்றுக் கேட்டான். மூன்றாவது பாரின் நடுவில். வெட்டியெடுத்த துண்டு அப்படி மாறாது. சுவரில் மாட்டிய படத்தில் இருப்பவர் வலக்கையை எடுத்துவிட்டு இடக்கையை மடியில் வைத்துக்கொள்வாரா? காது களைத்துவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஹெட்போனைக் கழற்றி, கண்ணைக் கசக்கினான்.

அறை என்று அதைச் சொல்வது கொஞ்சம் அதிகம். வீடு வாங்கியபோது துணி, பெட்டி வைக்கக் கட்டியிருந்த இடம். ஜன்னல் கிடையாது. நான்கு சுவரிலும் கறுப்பு ஸ்பான்ஜ் ஒட்டி, கதவுக்குப் பின்னால் கம்பளத்தைத் தொங்கவிட்டு, மேசையும் கணினியும் சாம்ப்ளரும் இரண்டு ஸ்பீக்கரும் ஓர் இசைத்தட்டு இயந்திரமும் நுழைந்த பிறகு மிச்சமிருந்தது ஒரு நாற்காலிக்கான இடம். சூடான மின்கம்பியின் வாசனையும் பழைய இசைத்தட்டு உறைகளின் புழுங்கிய வாசனையும் அதில் எப்போதும் கலந்திருக்கும். "முன்னாடி அந்த அலமாரில போர்வை வெச்சிருந்தேன், இப்ப புருஷனை வெச்சிருக்கேன்" என்று அவன் மனைவி தன் பல் மருத்துவமனைத் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஐந்து வயது மகள் மூக்கை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"அப்பா, முடிஞ்சுதா?"

"இதோ குட்டி. ஒரே ஒரு தடவை கேட்டுட்டு வந்துடறேன்."

"இதையேதான் அப்பவும் சொன்னே."

"அப்ப சொன்னது அப்ப. இது இப்ப."

"இருட்டிட்டா பூங்காக்காரர் கேட்டைப் பூட்டிடுவாரு. அப்புறம் ஊஞ்சல் தூங்கிடும்."

"இருட்டறதுக்குள்ள போறோம். அப்பா மேல சத்தியம்."

"உன் மேலயா? அம்மா மேல பண்ணு. அதான் பலிக்கும்" என்றுவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டே கூடத்து சோபாவுக்குப் போனாள். ஒரு வாரமாக அவளுக்கு அந்த ஊஞ்சலைக் கடன் வைத்திருந்தான். இன்று எப்படியும் அழைத்துப் போய்விட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தான். நல்ல மனிதன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே மனம் வந்திருக்காது.

கைபேசி அதிர்ந்தது. இடி. அது இந்தத் தாளத்தின் மேல் பாடப்போகிற பாட்டுக்காரன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். வீட்டில் அவனை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"மச்சி, நீ அனுப்புனதைக் கேட்டேன்டா. மிரட்டல். அந்த ஆளு நடுவுல சாகப்போற மாதிரி ஒரு சத்தம் குடுக்கறானே, அதை மட்டும் எடுத்துடாதே."

"அது... இடம் மாறுற மாதிரி இருக்குடா."

"மாறட்டும்டா! ஆனா ஸ்பீடு பத்தலை. இன்னும் கொஞ்சம் ஏத்து. நான் வேகமாப் பாடணும்."

"ஏற்கெனவே அந்தாளு குதிரை மாதிரி ஓடறான்."

"அவனா ஓடறான்? மெஷின் ஓடுது. ஏத்துடா."

கத்திரி சிரித்துவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

களைத்துப்போனவனைப் பார்த்து "கொஞ்சம் உட்காருப்பா" என்று சொல்ல யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது. கடவுள் நம்மிடம் பெரிய தானங்களை எப்போதோதான் கேட்கிறார்; இந்த மாதிரிச் சின்னதுகளைத் தினமும் கேட்கிறார். அந்த முனகலைக் காலையில் முதல் தடவை கேட்டபோது, பாவம், யாரோ மூச்சு வாங்குகிறான் என்று கத்திரிக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அடுத்த கணம், நன்றாக இருக்கிறதே, இதை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

கூட்டிய வேகத்தில் துண்டு சுற்றத் தொடங்கியது. மேசை விளிம்பில் வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் சிறு வளையங்கள் எழுந்து எழுந்து அடங்க, ஸ்பீக்கரின் வலை உள்ளிழுத்து வெளித்தள்ளி ஒரு விலா எலும்புக்கூட்டைப் போல ஏறி இறங்க, அடிகளுக்கு நடுவே இருந்த மயிரிழை இடைவெளிகளில் இதுவரை இல்லாத ஏதோ ஒன்று மெல்லக் கசிந்து வருவதை அவன் கவனித்தான். முதலில் இசைத்தட்டின் தூசிச் சத்தம் என்று நினைத்தான். ஒலியைக் கூட்டிக் கேட்டான். மூச்சு. வாயைத் திறந்துகொண்டு இழுக்கிற மூச்சு. அதற்குள் நாற்காலியின் மரம் கிறீச்சிட்டது. தோல் உரிந்த உள்ளங்கையில் குச்சி வழுக்கி, மறுபடி இறுக்கிப் பிடிக்கப்படும் ஈரச் சத்தம். முனகல் இப்போது ஒரு சுற்றுக்கு ஒன்றல்ல. இரண்டு. அடுத்த சுற்றில் மூன்று.

வியர்வை நாறியது. அவனுடையது அல்ல. தாளக்கருவித் தோலும் சிகரெட்டும் நனைந்த சட்டையும் கலந்த, வேறொரு அறையின் வியர்வை.

கத்திரி பொத்தானை அழுத்தி நிறுத்தினான்.

சாம்ப்ளரின் பச்சை விளக்கு அணைந்தது. ஸ்பீக்கர் வலை அசைவற்று நின்றது. ஸ்பான்ஜ் ஒட்டிய அந்த அறையில், காதுக்குள் பஞ்சை அடைத்தாற்போன்ற அமைதி.

தாளம் நிற்கவில்லை.

கதவுக்கு அப்பால் கேட்டது. கூடத்திலிருந்து. மரத்தின் மேல் விழுகிற, சின்னச் சின்ன, துல்லியமான அடிகள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் குழந்தைக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அப்பன் பிள்ளை. எழுந்து கதவைத் திறந்தான்.

மகள் சோபாவில் செருப்போடு உட்கார்ந்து, சோபாவின் மரக்கையில் இரு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். கூட்டிய அதே வேகத்தில். இடதுகையின் மெல்லிய தட்டல்கள்கூடப் பிசகவில்லை. இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கும் அவனுக்கே வராதவை அவை. கண் அவனைப் பார்த்தது. முகம் வெளுத்திருந்தது.

"பலே குட்டி! போதும், வா. ஊஞ்சலுக்குப் போலாம்."

"அப்பா" என்றாள். குரல் தேய்ந்திருந்தது. "நிறுத்த வரலப்பா."

அவன் ஓடிப்போய் இரண்டு கையையும் பிடித்தான். அவன் பிடிக்குள் அவை துள்ளின. பிடித்த மீன்களைப் போல. உள்ளங்கை சிவந்து, விரல் நுனிகள் வீங்கியிருந்தன. இறுக்கிப் பிடித்தபோது அவள் வாய் திறந்தது. அந்தச் சின்னத் தொண்டையிலிருந்து, அடிவயிற்றிலிருந்து வருகிற ஓர் ஆணின் சத்தம் வந்தது.

"ம்ஹ்."

மூன்றாவது பாரின் நடுவில்.

அவளை வாரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவன் அறைக்குள் ஓடினான். அவள் கைகள் அவன் முதுகில் அடித்தன. சாம்ப்ளரின் மின்கம்பியைப் பிடுங்கினான். அடித்தன. கணினியின் நினைவகத்திலிருந்தும் அந்தத் துண்டை அழித்தான். அடித்தன. அழித்தபிறகு இன்னும் வேகமாக. இப்போது போய் ஒளிந்துகொள்ள அந்தத் தாளத்துக்கு வேறு இடமில்லை என்பதுபோல.

துண்டை வெட்டியெடுத்த அந்தப் பழைய இசைத்தட்டு. அவன் இயந்திரத்தை ஓடவிட்டு, பாட்டின் முதலில் ஊசியை வைத்தான்.

காலையில் கேட்ட அதே பாட்டு. பித்தளைக் குழல்கள், பேஸ் கிடார், ஆர்கன். டிரம்ஸ் மட்டும் இல்லை. அது இருந்த இடம் பல் பிடுங்கிய ஈறுபோலக் காலியாக இருந்தது. பேஸ் கிடார்காரன் எங்கே அடி விழும் என்று தெரியாமல் தடுமாறினான். குழல்கள் ஒன்றுக்கொன்று முன்பின்னாக நுழைந்து, வெட்கப்பட்டாற்போல் பின்வாங்கின. பிறகு ஒவ்வொன்றாக நின்றன. தூசிச் சத்தத்துக்குள் காலடிகள். யாரோ ஒரு கதவைத் திறந்து பார்க்கிற சத்தம். அப்புறம் மைக்குக்கு வெகுதூரத்தில் ஒரு மனிதக் குரல், தெரியாத மொழியில், யாரையோ கூப்பிட்டது. பதிலுக்காகக் காத்திருந்தது. மறுபடி கூப்பிட்டது.

கத்திரிக்கு அப்போதுதான் புரிந்தது.

நான்கு பார் முடிகிற இடத்தில் அந்த டிரம்ஸ்காரன் சிம்பல் என்கிற பெரிய பித்தளைத் தட்டை அடிப்பான். இனி நீங்கள் வாருங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்கிற அடி அது. அது விழுந்ததும் குழல்களும் கிடாரும் தோள் கொடுக்கும்; அவன் கை இளைப்பாறும். சுற்றுக்குள் அந்த அடி வந்துவிட்டால் முடிவு வந்துவிட்டது என்று காது கண்டுபிடித்துவிடும். அதனால் இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். சிம்பலுக்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டினான். காலையிலிருந்து அந்த மனிதன் கையை ஓங்கிக்கொண்டு அந்த அடியை நோக்கி ஓடி வந்துகொண்டே இருக்கிறான். ஒவ்வொரு முறையும் தொட்டுவிடப்போகிற நேரத்தில் தொடக்கத்தில் நிற்கிறான்.

"ஐயா" என்றான் கத்திரி, யாரும் இல்லாத அறையைப் பார்த்து. "தெரியாமப் பண்ணிட்டேங்க."

குழந்தையின் கைகள் அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தன. கழுத்தில் அவள் கண்ணீர் சூடாக வழிந்தது.

சாம்ப்ளருக்கு மறுபடி மின்சாரம் கொடுத்து, வேறொரு தட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த சிம்பல் ஒன்றை, நான்கு பார் முடிகிற சரியான இடத்தில் அழுத்தினான். பொன்னிறமாக அது விரிந்தது. கைகள் நின்றன. அரை மூச்சு நேரம் அந்தரத்தில் நின்றன. யாரோ தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல.

தன்னுடையது இல்லை என்று தெரிந்துகொண்டதுபோல.

மறுபடி முதலிலிருந்து.

"அப்பா, வலிக்குதுப்பா."

அவன் பிரார்த்தனை செய்தான். பெரிய வார்த்தை ஒன்றும் வரவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகியதைச் சொல்லிப் பார்த்தான். பாதியில் அதுவும் தாளத்தில் மாட்டிக்கொண்டது. கடைசியில், பேருந்தில் நிற்கிறவரைப் பார்த்து எழுந்து இடம்கொடுக்கிறவனைப் போல, மிகச் சாதாரணமாகச் சொன்னான்.

"நீங்க உட்காருங்கய்யா. நான் வாசிக்கறேன். பிள்ளையை விட்டுடுங்க."

கைகள் ஓய்ந்தன.

அவள் உடம்பு தோளில் துவண்டு சாய்ந்தது. பயந்துபோய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தான். தூங்கியிருந்தாள். அறையில் இருந்த வியர்வை வாசனை ஒருமுறை அவனை நெருங்கி, உரசி, கடந்து போயிற்று. நாற்காலி கிறீச்சிட்டது. நீளமான ஒரு மூச்சு, பல காலத்துக்குப் பின் விடுகிற மூச்சு, ஸ்பான்ஜ் சுவரில் மெல்ல அடங்கியது.

வெளியே போய்விடலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்படியே வாசல் கதவைத் திறந்து, படியிறங்கி, வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே.

கூடத்தின் நடுவில் அவன் விரல்கள் அவள் முதுகைத் தட்டின. தட்டிக்கொடுக்கிறேன் என்று நினைத்தான். விரல்கள் வேகமெடுத்தன. அவன் சொல்லாமலே. உள்ளங்கை சேர்ந்துகொண்டது. அடி பலமாக விழத் தொடங்கியது, அந்தச் சின்ன முதுகில், தூக்கத்தில் அவள் முகம் சுளிக்க.

அவளைச் சோபாவில் கிடத்திவிட்டு ஓடினான். சுவரில் அடித்தபடி, தன் தொடையில் அடித்தபடி. அடிக்க ஏற்ற இடம் ஒன்றுதான் இருந்தது. நாற்காலி காலியாக, வெதுவெதுப்பாக இருந்தது. கைகள் சாம்ப்ளரின் ரப்பர் கட்டைகளின் மேல் விழுந்ததும், அப்பாடா என்று தாளம் தன் வீட்டுக்கு வந்துவிட்டது.

நான்கு பார். நான்கு பார். நான்கு பார்.

கதவு முழுக்கச் சாத்தவில்லை. ஒரு விரல் அளவு இடுக்கு. அதன் வழியாகச் சோபாவின் ஓரமும், தொங்கிக்கொண்டிருக்கும் குழந்தையின் ஒரு கையும் தெரிந்தன. அந்தக் கை அசையவில்லை. வாசலின் வெளிச்சம் தரையில் ஆரஞ்சு நிறமாக நீண்டு கிடந்தது. அவனுக்குத் தோள் கனத்தது. விரல் நுனிகளில் முதலில் எரிச்சல், பிறகு ஈரம். கத்தப் பார்த்தான். வாய் ஒரே ஒரு சத்தத்துக்குத்தான் திறந்தது.

"ம்ஹ்."

வாசல் கதவில் சாவி திரும்பியது.

மனைவி வந்துவிட்டாள். கத்திரியின் கண்ணில் நீர் தளும்பியது. செருப்பைக் கழற்றுகிற சத்தம். கைப்பையை மேசையில் வைக்கிற சத்தம். அவள் நிழல் ஆரஞ்சு வெளிச்சத்தின் மேல் விழுந்து, சோபாவை நோக்கிக் குனிந்தது.

"ஏய் குட்டி, செருப்போடயா தூங்கிட்டே?"

நிழல் நிமிர்ந்தது. அவன் அறையை நோக்கித் திரும்பியது. இடுக்கில் அவள் சேலையின் நீலம் தெரிந்தது. கதவின் விளிம்பில் அவள் விரல்கள் வந்து படிந்தன. நான்கு விரல். மருத்துவமனைச் சோப்பின் வாசனை. இழுத்தால் போதும்.

விரல்கள் இழுக்கத் தொடங்கின.

வாசல் கதவில் சாவி திரும்பியது.

செருப்பு. கைப்பை. நிழல்.

"ஏய் குட்டி, செருப்போடயா தூங்கிட்டே?"

இடுக்கில் நீலம். விளிம்பில் நான்கு விரல். சோப்பு வாசனை.

சாவி திரும்பியது.

கத்திரி காதைக் கூர்மையாக்கிக் கேட்டான். பழக்கம். ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடினான். ஒட்டுத் தெரியவில்லை. மயிரிழை பிசகாத வெட்டு.

செருப்பு. கைப்பை. நிழல். சோபாவின் ஓரத்தில் குழந்தையின் கை அசையாமல் தொங்கியது. அது போதும் என்று நினைத்துக்கொண்டான். வலிக்காமல் தூங்குகிறாள். அது போதும்.

"ஏய் குட்டி, செருப்போடயா தூங்கிட்டே?"

நீலம். நான்கு விரல்.

அவன் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். மோதிரத்தை. நகத்தின் ஓரத்தில் பெயர்ந்த பூச்சை. கதவு ஒரு நெல்மணி அளவு அவளை நோக்கி நகர்வதை.

சாவி திரும்பியது.